கயிற்றுக்கு ஒரு ஈரச் சாக்கு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும், சேற்றில் மாட்டின வண்டி எதுவானாலும் என் பிக்கப்பைக் கட்டினால் வெளியே வந்துவிடும்.

பொய். இதுவரை நான் இழுத்து எடுத்தது மொத்தமே ஏழு. அதில் ஒன்று ஆட்டோ, நாலு பேர் கை வைத்திருந்தால் அதுவே வந்திருக்கும். என் வண்டி மாட்டிக்கொண்டு டிராக்டர் வந்து இழுத்தது நான்கு தடவை. படிப்பு மூன்றாவதோடு சரி, ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தப்பாது.

இப்போது புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் என் தங்கச்சி புருஷன். எனக்கு மாப்பிள்ளை, அதற்கு முன்னாலிருந்தே கூட்டாளி. அவனுடைய இடது கண் போய் எட்டு மாதம் ஆகிறது. போன மாதத்திலிருந்து வலது கண்ணும் மங்குகிறது. ஒரு கண்ணில் பலமாக அடிபட்டால், சில பேருக்கு நல்லா இருக்கிற கண்ணும் பின்னாலேயே கெட்டுப்போகுமாம். அதுதானா, வேறு ஏதாவதா என்று இன்றைக்குப் பார்த்துச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். அவன் மூடிக்கொண்டிருக்கிறான். நான் எழுதுகிறேன். சும்மா இருந்தால் நகத்தைக் கடிக்கிறேன், பத்து விரலும் தீர்ந்துவிட்டது.

கண் போன அன்றைக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு, மத்தியானம் வெறும் வண்டியாக வல்லம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏரிக்கரை ரோட்டில் செங்கல் ஏற்றிய மினி லாரி ஒன்று ஓரமாகச் சரிந்து, அச்சு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்திருந்தது. சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். எங்கள் பக்கம் ஒரு வண்டி மாட்டினால் யாரும் கூப்பிட வேண்டாம், யோசனை சொல்ல ஆள் வந்துவிடும்.

"அண்ணே, கொஞ்சம் இழுத்து வுடுண்ணே. ஜேசிபிக்கு போன் போட்டா சாயங்காலம் ஆவும்ன்றான்" என்றான் லாரி டிரைவர்.

மாப்பிள்ளை இறங்கி லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தான். கல்யாணத்துக்கு முன்னால் போர்வெல் லாரியில் வேலை செய்தவன்.

"மச்சான், பாதி கல்லையாவது இறக்கச் சொல்லு. வெறும் வண்டிய வச்சிக்கினு இத்த இழுக்க முடியாது."

"இறக்கி ஏத்தறதுக்குள்ள பொழுது பூடும்டா. என் வண்டி இழுக்கும் பாரு."

"அப்ப கயித்து மேல ஈரச் சாக்காவது போடு. பிச்சிக்கினா பறக்காம கீழ வுழும்."

"ஏன் மாப்ள, கயித்துக்குக் குளிருதா? ஸ்வெட்டர் இருந்தா குடு, அத்தையும் மாட்டி வுடுவோம்!"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு அதற்கு மேல் மூளை ஓடாது. சாக்கு என் சீட்டுக்குப் பின்னால்தான் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

லாரிக்கு அடியில் சேஸில், அந்த இரும்புச் சட்டத்தில், இழுக்கிற கொக்கி இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருக்க வேண்டும். புதுச் சட்டை, சேறாகிவிடும். பம்பர் கைக்கு எட்டினது, நைலான் கயிற்றை அதிலேயே கட்டினேன்.

முதல் தடவை என் பின் சக்கரம்தான் வழுக்கிச் சுற்றியது. வேடிக்கை பார்த்தவர்கள் மேலெல்லாம் சேறு.

"வண்டியில வெயிட்டே இல்லப்பா! ஆளை ஏத்து!" என்று யாரோ கத்தினார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பின்னால் பாரம் வேண்டுமென்றால் மண் மூட்டை தேடி அலைய மாட்டோம், நிற்கிற ஆட்களையே ஏற்றிவிடுவோம். ஆள் என்றால் தானே ஏறும், தானே இறங்கும். ஐந்து பேர் ஏறினார்கள்.

"நீயும் ஏறுடா மாப்ள. உன்னாட்டம் மூட்டை இந்த ஏரியாவுலயே கெடையாது!"

அதற்கும் சிரிப்பு. ஏறினான். மற்றவர்கள் கேபினைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்து நின்றார்கள். இவன் மட்டும் கடைசியில், கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"நான் கயித்தைப் பாத்துக்கினு இருக்கேன் மச்சான். நிறுத்துன்னா நிறுத்திடு."

ஜாக்கிரதையாக இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அதனால்தான் அந்த இடத்தில் உட்கார்ந்தான்.

இரண்டாவது தடவையும் லாரி அசையவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை வண்டியைப் பின்னால் எடுத்து, கயிற்றைத் தொய்யவிட்டு, ஒரே ஓட்டமாக ஓட்டினேன். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். நீண்டதெல்லாம் திரும்பி வரும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

படார் என்று சத்தம். வண்டி முன்னால் துள்ளியது. லாரி வந்துவிட்டது என்று நினைத்து ஹாரனை அழுத்திக்கொண்டு, "வந்துடுச்சிடா! யாரு வண்டின்னு நெனைச்சீங்க!" என்று கத்தினேன்.

இறங்கிப் பார்த்தேன். லாரி அதே இடத்தில் இருந்தது. கயிற்றோடு வந்தது பம்பரின் இரும்புத் துண்டு ஒன்றுதான். அது என் வண்டியின் பின்பக்கம், மாப்பிள்ளை காலடியில் கிடந்தது. மாப்பிள்ளை முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். கயிறு கிறீச்சிட்டதுமே அவன் நிறுத்தச் சொன்னானாம். என் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இப்போது என் வண்டியில் எப்போதும் எட்டு மணல் மூட்டை கிடக்கிறது. போன வாரம் மயிலம் பக்கம் ஒரு காரை இழுத்தேன். முதல் கியரில், கயிற்றை மெதுவாக விறைக்கவிட்டு, மேலே நனைந்த சாக்கைப் போட்டுத்தான் இழுத்தேன். அதற்கு முன்னால் வேடிக்கை பார்த்தவர்களை எல்லாம் தூரமாகத் துரத்தினேன்.

"இன்னாண்ணே, வெடி வெக்கப் போறியா?" என்று கேட்டு ஒருத்தன் எல்லாரையும் சிரிக்க வைத்தான். நல்ல ஜோக்குதான். என் வயசுதான் இருக்கும் அவனுக்கும். சாக்கை இன்னொரு தடவை நனைத்துப் போட்டேன்.

தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. இன்றைக்குக் காலையில் வாசலில் நின்று, என் காதில் விழும்படி புருஷனிடம் சொன்னாள்.

"உங்க டிரைவர்கிட்ட சொல்லுங்க, பள்ளம் மேடு பாத்து ஓட்டணுமாம்."

"ஏய், அது உங்க அண்ணன்டி."

"அப்படியா? எனக்கு அப்படி யாரும் இல்லையே."

ஆனால் கட்டிக் கொடுத்த சாப்பாடு இரண்டு பேருக்கு இருக்கிறது.

வண்டியை ஓட்டினது நான் என்பதற்கே இவ்வளவு. மீதி அவளுக்குத் தெரியாது. "நானாத்தான் ஏறினேன், மச்சான் வேணாம்னுதான் சொல்லிச்சி" என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு இவன் அவளிடம் சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினேன். எட்டு மாதமாக அந்தப் பொய்க்குள்தான் இருக்கிறேன். டாக்டர் எது சொன்னாலும் சரி, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதலில் அந்த ஸ்வெட்டர் பேச்சைச் சொல்லி, அப்புறம்—

"மச்சான், நம்ம டோக்கன கூப்டறாங்க. ஜல்தி வா. இன்னா எழுதிக்கினே கீறே?"

எழுந்து நின்று கையை நீட்டுகிறான். நான் அவனுக்கு வலது பக்கம், அந்தக் கண் இருக்கிற பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் கை எதிரே இருக்கிற தூணைப் பார்த்து நீண்டிருக்கிறது. சொட்டு மருந்தால் இருக்கும். மருந்து விட்டால் யாருக்கும் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும் என்று நர்ஸம்மா சொன்னார்கள்.

"இந்தப் பக்கம்டா மாப்ள. இதோ, வர்றேன்."