அயர்லாந்துக்காரியின் கச்சேரி

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவோடு வீட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களில் எனக்குத் துணையாக இருந்தவள் ஒரு அயர்லாந்துப் பாடகி. நேரில் பார்த்ததில்லை. ஆனால் பத்திரிகைப் பேட்டிகளைப் படித்துப் படித்து, என் நாத்தனார்களின் கதையைவிட அவள் கதை எனக்கு நன்றாகத் தெரியும். மீன்பிடி ஊரில் ஏழு பிள்ளைகளில் கடைசி. அப்பா லாரி டிரைவர். சாராயக் கடையில் பாடுவார், பெண்ணையும் மேசைமேல் ஏற்றிவிட்டுப் பாட வைப்பார். பிறகு அண்ணன்களோடு ஒரு குழு, சண்டை, தனியாக லண்டன். அமெரிக்காவில் அவளுடைய முதல் ஆல்பம் படுத்துவிட்டது, இரண்டாவது எங்கேயோ கொண்டுபோய் விட்டது. எவ்வளவு பெரிய அரங்கமானாலும் கடைசிப் பாட்டை வாத்தியமே இல்லாமல் பாடுவாள். அது அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டு.

அதைக் கேசட்டில் பதிந்து எங்கள் ஊரான கோபிக்கு, என் அப்பாவுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டுப் போனில், "ஏங்கண்ணு, இந்தப் புள்ளைக்கு என்ன கஷ்டம், இப்பிடி அழுவுது?" என்றார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது.

அந்த ஆவணியில் அப்பா படுக்கையில் விழுந்தார். எங்கள் க்ரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. பயண அனுமதி கைக்கு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பமே செத்தது என்றார் வக்கீல். இன்று வரும் நாளை வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். போன் செய்தால் அண்ணனிடம் ஒரே பதில்: அப்பா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம். நோயாளி தூங்கத்தானே செய்வார் என்று நானும் நம்பினேன்.

அந்தப் பாடகி ஹூஸ்டனுக்கு வருகிறாள் என்று என் வீட்டுக்காரர் எப்போதோ டிக்கெட் வாங்கியிருந்தார். எனக்குப் போக மனமில்லை. மனசு கொஞ்சம் மாறும் என்று அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். அரங்க வாசலில் கச்சேரி ரத்து என்று ஒட்டியிருந்தது. பாடகியின் அப்பாவுக்கு முடியவில்லையாம். மிச்ச ஊர்க் கச்சேரிகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அன்று காலையே விமானம் ஏறிவிட்டாளாம். பக்கத்தில் ஒருவர் பார்க்கிங் காசு தண்டம் என்று முணுமுணுத்தார். அவரை அறையலாம் போலிருந்தது.

காரில் ஏறியதும் சொன்னேன்: "நாளைக்கே எனக்கு ஃப்ளைட் புக் பண்ணுங்க. கார்டு போனாப் போவுது. அவளே போயிட்டா, நான் போகக்கூடாதா?"

வீட்டுக்காரர் சாவியைத் திருகவில்லை.

"போயி என்ன பண்ணப் போற? சனிக்கிழமையே எடுத்துட்டாங்க. மச்சாந்தான் சொல்ல வேண்டாம்னாரு. சொன்னா நீ கெளம்பிருவ, கார்டு போயிரும்னு."

எங்கள் ஆட்களின் பாசம் இப்படித்தான். நம் நல்லதுக்கு என்று சாவையே ஒளித்து வைப்பார்கள். ஹூஸ்டனில் இன்னும் சில வீடுகளிலும் இது நடந்ததைக் கேட்டு, ஐயோ பாவம் என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமையே தெரியுமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை ஒரு ஆன்ட்டி வீட்டில் கொலு. பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். காரில் கொண்டுபோய் விட்டதும் இவர்தான். குங்குமம் கொடுத்தார்கள், இட்டுக்கொண்டேன். பாடச் சொன்னார்கள். வழக்கமாகப் பிகு பண்ணுவேன். அன்றைக்கு என்னவோ கேட்ட உடனே உட்கார்ந்து, ஒன்று போதாது என்று இரண்டு பாட்டுப் பாடினேன்.