நம்பிக்கைப் பட்டியலில் முந்நூற்று எண்பத்தாறு பேர்

லிப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் 'ஆகட்டும் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைக் கேட்டாலும் மறுவார்த்தை இல்லாமல் "ஆகட்டும்" என்பார். டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். போர்டையே கழற்றிக் கொண்டுபோன பிறகு கம்ப்யூட்டர் பிரிவில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மெயில் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வெளியிலிருந்து வருவதில் சந்தேகமானதை ஒரு மென்பொருள் பிடித்து, 'குவாரண்டைன்' என்ற தனிப் பெட்டியில் போட்டுவைக்கும். தினமும் காலையில் அக்கா அதைத் திறந்து பார்ப்பார். நல்லதை உள்ளே விடுவார், மற்றதைத் துடைத்துப் போடுவார்.

ஆனால் ஆட்களுக்கு அதுவரை பொறுமை வேண்டுமே! "அக்கா, என் மெயில் மறுபடியும் மாட்டிக்கிச்சு" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு நம்பிக்கைப் பட்டியல் இருந்தது. அதில் ஒரு முகவரியைச் சேர்த்துவிட்டால், அங்கிருந்து வருவது எந்தச் சோதனையும் இல்லாமல் நேரே உள்ளே போய்விடும். ஆகட்டும், ஆகட்டும் என்று அக்கா சேர்த்துக்கொண்டே போனதில் பட்டியல் முந்நூற்று எண்பத்தாறில் வந்து நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை கிடங்குப் பொறுப்பாளர் ஒரு மெயிலைத் திறந்தார். அவர் கம்ப்யூட்டர் அப்படியே பூட்டிக்கொண்டது. அனுப்பியது போல்ட் நட்டு சப்ளை செய்துவந்த கம்பெனி. அதுவோ இழுத்து மூடி இரண்டு வருடம் ஆகிறது. அவர்களுடைய பழைய முகவரியை எவனோ கைப்பற்றி அனுப்பியிருக்கிறான். நல்லவேளை, அந்த ஒரு மெஷினோடு போயிற்று.

மேனேஜர் கேட்டார்: "இது எப்படி உள்ள வந்துச்சு?"

அக்கா மழுப்பவில்லை. "பட்டியல்ல இருந்துச்சு சார். நான்தான் சேர்த்தேன்."

"அப்ப மொத்தத்தையும் அழிச்சிடுங்க, இப்பவே."

"வேண்டாம் சார்," என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. "லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்க அனுப்புற மெயிலும் இதுல இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு அழிச்சா அதுவும் நின்னு போகலாம். நாலு நாள் குடுங்க, ஒவ்வொண்ணா கேட்டு எடுக்கிறேன்."

பட்டியலை அச்செடுத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மாடி மாடியாகக் கிளம்பினார். கொள்முதல் அதிகாரி ஒரு முகவரியைக் காட்டி, "இது ரொம்ப முக்கியம்க்கா" என்றார்.

"யாரு?"

"என் மச்சான். தினம் ஒரு ஜோக் அனுப்புவான்."

"நல்லா இருக்குமா?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "இல்ல" என்று அசடு வழிந்தார். மச்சான் மேல் கோடு விழுந்தது. வரைபடப் பிரிவில் ஒருவருடைய சினிமா டிக்கெட், இன்னொருவருடைய செருப்புக் கடை, யாருக்குமே ஞாபகம் இல்லாத ஒரு யோகா வகுப்பு எல்லாம் போயின. "எடுத்துட்டா வராதுன்னு இல்ல. எல்லாரையும் மாதிரி சோதிச்சுட்டு வரும், அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் நாள், யாருமே சொந்தம் கொண்டாடாத ஒரு முகவரி மிஞ்சியது. கம்ப்யூட்டரில் மெயில் பதிவேட்டைத் தட்டிப் பார்த்தார். மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி ஒரு மெயில் வந்திருந்தது. மொத்தம் இருபத்தாறு. தலைப்புகளை வரிசையாகப் படித்தார்: 'லிப்டில் சத்தம்', 'லிப்டில் சத்தம், மறுபடியும்', 'அதே லிப்ட், அதே சத்தம்', 'சத்தத்துக்கு இன்று ஒரு வயது'. சிரிப்பு வந்தது. யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாம் சர்வீஸ் இன்ஜினியர் ஒருவருக்கு. அவர் வேலையை விட்டே இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய பெட்டியை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, யாரும் மூடவும் இல்லை. நம்பிக்கையான முகவரி என்பதால் ஒவ்வொரு மெயிலும் சமர்த்தாக உள்ளே போய், ஆளில்லாத பெட்டியில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை குவாரண்டைனில் மாட்டியிருந்தால் அக்கா கண்ணில் பட்டிருக்கும்.

மேனேஜரிடம் அனுமதி வாங்கிக் கடைசி மெயிலைத் திறந்தார். கீழே போன் நம்பர் இருந்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினொன்றாம் மாடியில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர்.

"லிப்ட் கம்பெனியிலேர்ந்து பேசுறேம்மா."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"இத்தனை நாளா படிச்சுட்டு சும்மா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"யாருமே படிக்கலைம்மா. அதான் விஷயம்."

"அட, அது இன்னும் மோசமா இல்ல இருக்கு!"

அக்கா மன்னிப்புக் கேட்டார். அன்று மதியமே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "மாசாமாசம் நான்தான் வர்றேன். ஒரு சத்தமும் கிடையாது."

"நீங்க தனியா வர்றீங்க தம்பி. அஞ்சாறு பேர் ஏறி இறங்கிப் பாருங்க" என்றார் தையல்காரம்மா. துணி வாங்க வந்திருந்த நாலு பேரையும் சேர்த்து ஏற்றினார். ஏழாம் மாடியைத் தாண்டும்போது பெட்டி ஒரு முனகு முனகி, ஒரு குலுக்குக் குலுக்கியது. எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். மெக்கானிக் பெட்டியின் மேலே ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் உருளை ஒன்று விரிசல் விட்டு, பிய்ந்து விழும் நிலையில் இருந்தது. அங்கேயே லிப்டை நிறுத்தி, மறுநாள் காலை புதியது மாட்டினார்கள்.

நாலாம் நாள் பட்டியலில் முப்பத்தெட்டு முகவரிகள்தான் மிச்சம். தையல்காரம்மாவின் முகவரியையும் அக்கா எடுத்துவிட்டார். இனி புகார்கள் எல்லாம் தினமும் நாலு பேர் பார்க்கிற பொதுப் பெட்டிக்கு வரும்படி செய்தார். வேலையை விட்டுப்போனவர்களின் பெட்டிகளைத் தேடியதில் இன்னும் ஏழு கிடைத்தன. மேனேஜரை அருகில் உட்காரவைத்து அத்தனையையும் திறந்து பார்த்தார். செருப்புக் கடைத் தள்ளுபடிகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக மூடினார்.

அன்று மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். "என்ன, உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினார் கணவர்.

"தொண்டைதான் போயிடுச்சு" என்று கரகரத்தார் அக்கா. ஃபேனைப் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் நீட்டிப் படுத்துவிட்டார்.