கொடும்பாவி மகன்

தனுஷ்கோடிக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளையும் அவர் தாயார் பறிகொடுத்திருந்தாள். நான்காவதாவது தங்க வேண்டுமென்று புருஷனும் பெண்டாட்டியும் ரயிலேறிப் போய்க் கடலில் முழுக்குப் போட்டு வந்தார்கள். அடுத்த வருஷம் பிறந்தவருக்கு அந்தக் கடற்கரையின் பெயரையே வைத்தார்கள். பிள்ளை தங்கினான்; பெற்றவர்கள்தான் தங்கவில்லை. அவருக்குப் பதினெட்டு வயதாகும்போது எள்ளுக்காட்டில் தகப்பனைப் பாம்பு தொட்டது. அடுத்த ஆடியில் தாயும் போய்ச் சேர்ந்தாள். தாய் தகப்பன் இல்லாத ஆள் என்கிற இந்த ஒன்று பின்னாளில் தன் தலையில் எதையெல்லாம் கொண்டுவந்து இறக்கும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஊர் சின்னப்பொட்டல். எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே இரண்டு மைல் நடக்க வேண்டும். நாற்பத்தோரு தலைக்கட்டு. பருத்தியும் கம்பும் எள்ளும் மழையை நம்பித்தான். மழை தவறிய வருஷம் கைகொடுப்பது வேலிக்கருவை ஒன்றுதான். அதை வெட்டி, கட்டைகளை நிறுத்திக் குவித்து, தழை போட்டு மண்ணால் மூடித் தீ வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் கரியாகும். தனுஷ்கோடி மூட்டம் போடுவதில் கெட்டிக்காரர். கட்டை வெந்து முடிந்து வெள்ளைப் புகை நீலமாக மாறுகிற நேரத்தை மூக்காலேயே சொல்லிவிடுவார். சோறு போட்டதும் மூட்டம்தான். நெஞ்சில் ஓயாத இருமலை வைத்ததும் மூட்டம்தான்.

எண்பத்து மூன்றில் மழை அடியோடு பொய்த்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி ஊர் கூடிக் கொடும்பாவி கட்டியது. எவளோ ஒரு பாவி செய்த பாவம் மழையைத் தடுத்து நிற்கிறது என்று வைக்கோலால் பொம்பளை உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துப்போய், பெண்கள் ஒப்பாரி வைத்து அழ, கண்மாய்க் கரையில் கொளுத்துவார்கள். செத்தவளுக்குக் கொள்ளி வைக்க மகன் வேண்டுமே. அந்த ஆள் மொட்டையடித்துப் பதினாறு நாள் துக்கம் காக்க வேண்டும். தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறவன் கொள்ளிச்சட்டி தூக்கக்கூடாது. ஊர்த்தலைவர் சோலை சுற்றிலும் பார்த்தார். இளவட்டத்தில் இரண்டு பேரும் இல்லாத ஆள் தனுஷ்கோடி ஒருவர்தான்.

"ஏலே தனுஷ்கோடி, நெருப்போட பழகினவன் நீ. இந்த ஒரு தடவ தூக்கிரு."

தூக்கினார். பத்தாம் நாள் மழை பெய்தது. ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைத்தது. மொட்டைத் தலையோடு தீட்டுக்காரராக ஒதுங்கி நின்றவரை யாரும் சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை.

எண்பத்தேழில் திரும்பவும் அவரையே பிடித்தார்கள். அந்தத் தடவை மழை வரவில்லை. மழை வந்தபோது அம்மன் பெயரைச் சொன்னவர்கள், வராதபோது கொள்ளி வைத்தவர் பெயரைச் சொன்னார்கள். "அவரு மூட்டத்துப் புகைதான்யா மேகத்த வெரட்டுது" என்று ஒருத்தர் சொல்ல, அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. கொடும்பாவி மகன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

அவர் அதையெல்லாம் சட்டை செய்திருக்கமாட்டார். ஆனால் மகள் தங்கச்செல்வி வளர்ந்து நின்றாள். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் ஊருக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "கொடும்பாவி வீடா?" என்று கேட்டுத் திரும்பிப் போய்விட்டது. பெண்டாட்டி கருத்தம்மாள் அதற்கப்புறம் பஸ் வரும் திசையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றைந்தில் மூன்றாவதாக ஓர் இடம் தானாக வந்தது. வேறு யாருமில்லை, தனுஷ்கோடியின் அத்தை மகன் பொன்ராஜ். வீரசோழனுக்குக் கிழக்கே ஊர். மகன் முனீஸ்வரன் அருப்புக்கோட்டை மில்லில் வேலை பார்த்தான்.

"மச்சான், தங்கச்செல்வி எங்க வீட்டுக்கு வரவேண்டிய புள்ள. எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் பொன்ராஜ். "ஒண்ணே ஒண்ணு. இந்த வருசம் நீங்க கொள்ளி தூக்கக்கூடாது. தூக்கினீகன்னா எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"தூக்கமாட்டேன் மாப்ள" என்றார் தனுஷ்கோடி.

அப்போது ஆவணி முடிகிற நேரம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. இந்த வருஷமும் கொடும்பாவி கட்டுவார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் கோகிலாம்பாள் நோட்டும் குடையுமாக ஊருக்குள் வந்தாள். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தவரின் மூத்த மகள். மதுரையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நாலாவது வருஷம். அக்கா எழுதி முடிக்கட்டும் என்று தங்கை கல்யாணமும் தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எழுதிக் கொடுத்ததைப் பேராசிரியர் மூன்று தடவை திருப்பிவிட்டார்: வெறும் புத்தகமாக இருக்கிறது, மனிதர்களைக் காணோம், மழையில்லாத ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வா என்று.

வீடுவீடாகப் போய்க் கேட்டாள். அவள் தாளில் ஏழு கேள்விகள். ஐந்தாவது, மழை தவறுவதற்கு யார் பொறுப்பு என்று நினைக்கிறீர்கள் என்பது.

அந்த ஊரில் நோட்டோடு வருகிறவர்கள் திருச்சுழி தாலுகா ஆபீஸிலிருந்து வறட்சி விசாரணைக்கு வருகிறவர்கள்தான். விசாரணை என்றால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பழக்கம்: நம் வீட்டுப் பக்கம் திரும்பாதபடி இன்னொரு பக்கம் கையைக் காட்டிவிட வேண்டும். மேகத்தை விரட்டுகிற மூட்டம் ஊருக்குத் தெற்கே தயாராக இருந்தது. நாற்பத்தோரு வீட்டில் இருபத்தொன்பது வீட்டில் தனுஷ்கோடி பெயரைச் சொன்னார்கள். அவளும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

அவர் மூட்டத்தடிக்கு அவள் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. காற்றுப் புகுந்து கட்டை சாம்பலாகிவிடாதபடி, அவர் வெடிப்பு விட்ட இடத்தில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஏழு கேள்வி கேக்கணும்."

"எம் பேரு ஏற்கெனவே நோட்டுல இருக்காம்ல தாயி?"

அவள் முகம் மாறியது. குடையை மடக்கி, வெட்டிப் போட்டிருந்த கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். கேள்வியைக் கேட்காமல் ஆராய்ச்சியைச் சொன்னாள். உலகம் பூராவும் எரிக்கிற எண்ணெயும் நிலக்கரியும் விடுகிற புகை மேலே சேர்ந்து, பூமியைக் கம்பளி போர்த்தின மாதிரி மூடுகிறது, சூடு ஏறுகிறது, அதனால் மழைக்காலமே தடம் மாறலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றாள்.

"அதுல ஒரு ஆள் விடுற புகை எவ்வளவு அண்ணாச்சி? ஒண்ணுமே இல்ல. அவரு நிறுத்தினாலும் ஒரு துளி மழை கூடப் பெய்யாது. அப்ப அவர் மேல தப்பு உண்டா, இல்லையா? இதான் என் ஆராய்ச்சி."

"இதுக்கா நாலு வருசமா பஸ்ஸேறுற?"

"ஆமா அண்ணாச்சி."

"முடிவு தெரிஞ்சுச்சா?"

"இல்ல. தெரிஞ்சா எங்க வீட்டுல ஒரு கல்யாணம் நடக்கும்" என்று சிரித்தாள். சிரிப்பில் தெம்பு இல்லை.

அவர் மண்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எங்க வீட்டுலயும் ஒண்ணு நிக்கிது தாயி. நீ படிச்ச புள்ள. மூட்டத்துக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லன்னு ஊர்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. போதும்."

அவள் குடையை விரித்தாள். இரண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை பொழுது சாய ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடத்து வாசலில் வைக்கோல் உருவத்தைக் கட்டிச் சாய்த்து வைத்திருந்தார்கள். சோலை ஆள் அனுப்பிக் கோகிலாம்பாளையும் வரச்சொல்லியிருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன ஊருக்கு முடிவைச் சொல்லுவேன் என்று அவளே வாக்குக் கொடுத்திருந்ததால் தட்ட முடியவில்லை. பொன்ராஜும் பஸ் பிடித்து வந்து ஓரமாகத் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் சொன்னது நோட்டுல இருக்கு. வாசிச்சிரு தாயி" என்றார் சோலை.

"யார் யாரைச் சொன்னாங்கன்னு வாசிக்கமாட்டேன் ஐயா. அது முறையில்ல."

"பேரு வேணாம். கரிமூட்டத்துப் புகைக்கு இதுல பங்கு உண்டா இல்லையா? அத மட்டும் சொல்லு."

தனுஷ்கோடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு சொல். சொல்லிவிட்டால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவள் நோட்டைத் திறந்தாள், மூடினாள். நாலு வருஷமாகத் தான் தேடுகிற ஒன்றில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உண்டு ஐயா. ஆனா ரொம்பக் கொஞ்சம். எள்ளுல பாதிகூட இல்ல. எல்லாருக்கும் உண்டு. டவுனுல இருக்கவங்களுக்கு அதிகம். பஸ்ஸுல வந்து வந்து போற எனக்கு…"

உண்டு என்ற சொல்லோடு கூட்டம் கேட்பதை நிறுத்திவிட்டது. "படிச்ச புள்ளையே சொல்லிருச்சுல்ல!" என்று நாலு பக்கமும் இரைச்சல். பொன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். கோகிலாம்பாள் மீதியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கே அது கேட்கவில்லை.

சோலை கையமர்த்தினார். "தனுஷ்கோடி, எந்திரிப்பா. பழையபடி நீதான்."

தனுஷ்கோடி எழுந்தார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது. இருமி முடித்துவிட்டுப் பேசினார்.

"எனக்குப் பங்கு உண்டுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. சரி. எல்லாருக்கும் உண்டுன்னும் சொல்லுச்சு, அத ஏன் விட்டுட்டீக? கோயில்ல கெடா வெட்டினா கறிய எப்படிப் பிரிக்கிறோம்? தலைக்கட்டுக்கு ஒரு கூறு. ஒரு துண்டு கொறஞ்சா சண்ட போடுதீகள்ல. கொள்ளியையும் அப்படிப் பிரிங்க. என் கூற நான் தூக்குறேன். மிச்ச நாப்பதையும் யாரு தூக்குவா?"

"தாய் தகப்பன் இருக்கவன் எப்படிய்யா தூக்குவான்?"

"அவுகள விட்ருங்க. இல்லாதவக எத்தன பேருன்னு எண்ணுங்க."

எண்ணினார்கள். இருபத்தாறு பேர். முதல் ஆள் சோலை.

அப்புறம் ஒவ்வொருத்தராகச் சாக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு மகள் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி, வீட்டில் தீட்டு ஆகாது. ஒருவருக்குப் பேத்தி காதுகுத்து. ஒருவர் மலைக்கோயிலுக்கு நேர்ந்து முடி வளர்க்கிறார். ஒப்பாரிக்கு முதல் ஆளாக நிற்கிற மூக்கம்மாள் பெண்கள் பக்கமிருந்து, "எங்க வீட்டுக்காரரு தலையில மழிக்க என்ன இருக்கு? அவுக பங்கு எப்பவோ தீந்துபோச்சு" என்று சொல்ல, அந்தக் கூட்டத்திலேயே முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊரே மொட்டையடிச்சிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார் சோலை.

"நான் ரெண்டு தடவ நின்னேனே தலைவரே. நல்லாவா இருந்துச்சு?"

சோலை துண்டை உதறித் தோளில் போட்டார். மாட்டைக் கட்ட வேண்டும் என்று ஒருவர் எழுந்தார். அவர் பின்னால் இன்னொருவர். கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லாமலே முடிந்தது. கொடும்பாவி சுவரோரம் சாய்ந்தபடி கிடந்தாள். மேய்ச்சல் இல்லாத வருஷம். மூன்றே நாளில் ஆடுகள் அவளைத் தின்று தீர்த்துவிட்டன.

கூட்டம் நடந்த அன்றைக்குக் கிளம்பும்போது பொன்ராஜ் தனுஷ்கோடியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கொள்ளி தூக்கல மச்சான், எனக்கு அது போதும். பங்கு உண்டுன்னு அந்தப் பொண்ணு சொன்னத எங்க வீட்டுல நான் சொல்லப்போறதில்ல. தையில வச்சிக்கிடுவோம்."

மழை கார்த்திகையில் இரண்டே இரண்டு நாள் பெய்தது. விதைத்ததில் பாதி கருகியது. கொடும்பாவியை எரிக்கவிடாமல் தடுத்ததால்தான் இப்படி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முன்னே புகை விட்டதற்காகச் சொன்னார்கள், இப்போது தீ வைக்காததற்காகச் சொன்னார்கள். கருத்தம்மாள் தண்ணீருக்குப் போன இடத்தில் அதைக் கேட்டு வந்து அழுதாள். அவர், "விடு, சோத்தப் போடு" என்றார்.

தை மாதம் தங்கச்செல்வி கல்யாணம் நடந்தது. பொன்ராஜ் வீட்டு ஆட்கள் ஒரு வேன் வந்தார்கள். சின்னப்பொட்டலில் பதினொரு தலைக்கட்டு மட்டும் வந்து சாப்பிட்டது. சோலை வரவில்லை, மகனை அனுப்பியிருந்தார். மூக்கம்மாள் வந்து குலவை போட்டாள்.

கோகிலாம்பாளும் வந்தாள். பெண்ணுக்கு ஒரு சேலை கொடுத்தாள். பந்தி ஓய்ந்தபின் தனுஷ்கோடி பக்கத்தில் வந்து நின்று, "அன்னைக்கு நான் இல்லன்னு சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "படிப்பு முடிஞ்சுச்சா?"

"இல்ல. அந்த இருபத்தொன்பது பதிலையும் ஆராய்ச்சியிலருந்து எடுத்துட்டேன். யாருன்னு நான் கேட்டதே தப்பு. கேக்கப்போயித்தான் உங்க பேரு எழுத்துல ஏறுச்சு. திரும்ப முதல்ல இருந்து எழுதணும். தங்கச்சி கல்யாணத்த முடிச்சிருங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"எம் பங்கு எம்புட்டுன்னாவது தெரிஞ்சுச்சா?"

"அதுவும் தெரியல."

"தெரிஞ்சா வந்து சொல்லு தாயி. அந்த எள்ளுல பாதிய நான் ஒத்துக்கிடுறேன். மிச்சம் நாப்பது வீட்டுத்தையும் சேத்துச் சொமக்க இனிமே தெம்பு இல்ல."

அவள் தலையாட்டினாள். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். பொண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறியாயிற்று, கருத்தம்மாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேன் கண்மாய்க் கரை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, புது வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தார். பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு தெற்கே நடந்தார். முந்தாநாள் வைத்த மூட்டம். கல்யாண வேலையில் காலையிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. எங்கேயாவது மண் வெடித்திருக்கும்.