அலசிய சட்டை

காலை ஏழு பத்து. காவல் நிலையப் படியிறங்கிய மாடசாமியின் சட்டை முதுகில் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. சுதந்திரம் வந்து ஏழாவது வருடம் அது. மலைத் தோட்டத்தில் ஏலக்காய் திருடியதாகச் சொல்லி ஏட்டு ஒருவர் அவரை இரண்டு நாள் அடித்திருந்தார். இப்படி அடிபட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க போடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அன்று போனது நான்.

“இந்தக் கோலத்தோடயா கடைத்தெருவுல போறது? வெரசா அலசிப்போடு, ஆத்தா” என்று வாசலில் காத்திருந்த அவர் மனைவியிடம் சொல்லி, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாடசாமிக்கு என் துண்டைப் போர்த்தினேன்.

ஒரு மாதம் கழித்து, நான் எழுதிய மனுவின் மேல் விசாரணை. “எங்கயாச்சும் சறுக்கி விழுந்திருப்பான்” என்றார் ஏட்டு.

“காயந்தான் ஆறிப்போச்சே. ரத்தம் பட்ட சட்டை இருக்கா?” என்று அதிகாரி கேட்டார்.

மாடசாமியின் மனைவி பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினார். “சவுக்காரம் போட்டு மூணு தடவ அலசினேன்யா. அண்ணே சொன்னாக.”

எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மனு தள்ளுபடியானது. மாலையில் மாடசாமியும் மனைவியும் மலைக்குத் திரும்ப ஏறிய போடிமெட்டு பஸ்சில், முன் சீட்டில் அந்த ஏட்டு உட்கார்ந்திருந்தார்.