லோர்ன் வெளியே வரும் ஜோக்

டுவேன் கோவல் இருபத்தாறு வருடமாக மேடையில் ஜோக் சொல்லிப் பிழைப்பவன். வான்கூவர் முதல் ஹாலிஃபாக்ஸ் வரை அவன் படுக்காத மோட்டல் இல்லை. டிவி மேடை மட்டும்தான் பாக்கி. ஐம்பத்தொரு வயதில் அதற்கும் வழி பிறந்தது. டிவியில் காட்டும் வின்னிபெக் நகைச்சுவை விழாவுக்கு ஆள் பொறுக்கும் மார்லீன், "ஏழே நிமிஷம் பேசிக் காட்டுங்க. ஜனங்க சிரிக்கிறத நான் நேர்ல பாக்கணும்" என்றாள்.

எங்கே வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கலாம். சொந்த ஊர்தான் வாய்விட்டுச் சிரிக்கும் என்று நம்பி, டாஃபின் படைவீரர் மன்றத்தில் சனிக்கிழமை மத்தியானம் நடக்கும், இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்கு வரச் சொன்னான். தனக்குத் தானே சூனியம் வைத்துக்கொள்வது இப்படித்தான்.

வந்தவர்கள் எல்லாம் பன்றித்தொடை ஜெயிக்க வந்தவர்கள். கையில் சீட்டு, கண் குலுக்கல் நடத்தும் எர்னியின் டப்பா மேல்.

"மைனஸ் நாப்பத்தஞ்சு குளிர்ல என் வண்டி நின்னுபோயி..." என்று டுவேன் ஆரம்பித்தான்.

"முப்பத்தொண்ணுதான்டா! தள்ளுனதே நான்தானே!" என்றது பின்வரிசை.

முன்னாள் மனைவியின் சமையலுக்குத் தாவினான்.

"டோனா நல்லாத்தான் சமைப்பா. நீ எப்படா வீட்டுக்குச் சாப்பிட வந்த?" என்றது நடுவரிசை.

அதற்குச் சிரித்தார்கள். அவன் ஜோக்குக்கு இல்லை. மார்லீன் நோட்டை மூடினாள்.

பயத்தில் டுவேன் தன் கைராசி ஜோக்கை எடுத்தான். உறைந்த ஏரியின் பனி உடைந்து, தம்பி லோர்ன் பனிவண்டியோடு உள்ளே விழுவான். ஊரே கயிறு வீசும். அவன் கையில் பீர் கேனோடு தலையை நீட்டி, "பீர் நல்லா ஜில்லுனு இருக்கு, இன்னும் ரெண்டு பேர் வாங்க" என்பான். டொரண்டோவில் இதற்கு மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

"என் தம்பி லோர்ன் ஏரி மேல பனிவண்டி ஓட்டிட்டுப் போனான்... வண்டிக்கு அடியில ஐஸ் சடசடன்னு உடையுது..."

மன்றமே டப்பாவை விட்டு அவனைப் பார்த்தது. நிஜத்தில் லோர்ன் அந்த ஏரியிலிருந்து வெளியே வரவே இல்லை. கயிறு வீசியதே இந்த முன்வரிசைக்காரர்கள்தான். எர்னியின் வலது கையில் இரண்டு விரல்கள் அன்றைக்குக் குளிரில் விறைத்துப் போனவைதான். இருபது வருடமாகத் தம்பியை மேடை மேடையாக உயிரோடு வெளியே எடுத்துப் பழகியவனுக்கு, அவன் செத்துப்போனது இந்த ஊருக்குத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

டுவேன் நின்றுவிட்டான்.

"ஏன்டா நிறுத்திட்ட?" மூன்றாவது மேசையிலிருந்து அவன் அம்மா ஸ்டெல்லா கேட்டாள்.

"வேணாம்மா."

"சொல்லுடா. வெளிய வந்தானா?"

"வந்தான்மா."

"வந்து என்ன சொன்னான்?"

சொன்னான். ஸ்டெல்லா மட்டும் சிரித்தாள். சீட்டுப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படித்தான் சொல்லியிருப்பான், நாய்ப்பய" என்றாள்.

வாசலில் மார்லீன் கோட்டை மாட்டிக்கொண்டே பேசினாள். "பக்கத்துல இருந்தவர் எல்லாத்தையும் சொன்னாரு. விழாவுல உண்மையவே சொல்லிடுங்க டுவேன். ஜனங்க அழுதுடுவாங்க. கடைசியில உங்க தம்பி வெளிய வர வேணாம்."

"அவன் வருவான்."

"அப்படின்னா கஷ்டம்."

"கஷ்டம்தான். அவன் வருவான்."

அவள் கார் போய்விட்டது. உள்ளே எர்னி மூன்று விரலால் சீட்டை எடுத்து எண்ணைக் கூவினான். பன்றித்தொடை ஸ்டெல்லாவுக்கு விழுந்தது. மன்றமே கைதட்டியது. அன்றைக்கு அங்கே விழுந்த ஒரே கைதட்டல் அதுதான்.