மாவு தீரும் வரை

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வருஷங்களில், மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் எங்கள் வீட்டில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு காலையிலும் சேராது, மத்தியானத்திலும் சேராது. விடிந்ததும் ஆளுக்கு ஒரு குவளை காப்பி. அதற்குப் பிறகு வெயில் நன்றாக ஏறியதும் அக்காள் அடுப்படியில் உட்கார்ந்து பழ அப்பம் சுடத் தொடங்குவாள். துரைமார் வீட்டில்தான் இந்த நேரத்தில் சாப்பிடுவார்களாம், எங்களுக்கும் அந்தப் பவுசு வந்துவிட்டது என்று பக்கத்து வீடுகளில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம். உண்மையான காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

காரணம் கள்ளுக்கடை. அது திறக்கிற நேரமும் எங்கள் அப்பம் வேகிற நேரமும் ஒன்று.

அக்காள் புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை அவருக்கு. வாரம் முழுக்க நெருப்பு வாயில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கள்ளுக்கடைக்குப் போனால் திரும்பி வருவது அவர் அல்ல, வேறு யாரோ. அக்காளை அடித்தது கிடையாது. ஆனால் வாசல்படியில் விழுந்து கிடப்பார், அள்ளிக்கொண்டு வர வேண்டும். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "இந்த மனுஷனை நம்பியா கடல் தாண்டி வந்தோம்?" என்று அவர் காதுபடவே கேட்டிருக்கிறேன். அம்மா அப்பா போன பிறகு அக்காளைத் தவிர எனக்கு நாதி இல்லை. அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் நான்.

ஒரு நாள் அக்காள் சண்டை எதுவும் போடாமல், கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியை இழுத்து, துணிமணிகளை மடித்து அடுக்கி, அதைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். "இனி ஒரு தடவை குடிச்சீங்கன்னா நானும் தங்கச்சியும் கிள்ளானுக்குப் போய்க் கப்பலேறிடுவோம்" என்றாள். அக்காள் சொன்னால் செய்கிறவள். அது மாமாவுக்கும் தெரியும். மறுநாளே மாரியம்மன் கோவிலுக்குப் போய்க் கற்பூரத்தை அணைத்து, கள் இனி என் வாயில் படாது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். நான் நம்பவில்லை. அக்காளும் முழுக்க நம்பவில்லை போலிருக்கிறது, பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பத்தைத் தேர்ந்தெடுத்தது அவளுடைய மூளை. சோறு என்றால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அப்பம் அப்படி இல்லை. ஒன்று இலையில் இருக்கும்போது இன்னொன்று கல்லில் இருக்கும். பரிமாறிக்கொண்டிருக்கும்போது இலையை விட்டு எழுந்திருப்பது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். பெற்றவர்களே வாசலில் வந்து கூப்பிட்டாலும், "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கூட்டாளிகள் கடைக்குப் போகிற வழியில் எங்கள் வேலியருகே நின்று கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் மாமா இலையின் முன்னால் இருக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இவ்வளவு யோசித்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அரிசி மாவை அரைத்து வைத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி ஒரு குவளை கள் வாங்கிவரச் செய்து, வழக்கம்போல மாவில் ஊற்றிக் கரைத்து மூடி வைத்தாள். எங்கள் வீடுகளில் அப்பமாவு கள்ளில்தான் பொங்கும். அது குடிக்கிற கள்ளோடு சேர்த்தி என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நானே மூடியைப் போட்டேன்.

ஞாயிறு வந்தது. மாவு சட்டி வாய் வரை பொங்கியிருந்தது. மாமா குளித்து, திருநீறு பூசி, இலை முன்னால் உட்கார்ந்தார். பழத்தை மசித்துச் சேர்த்து அக்காள் வார்த்த முதல் அப்பம், ஓரம் சிவந்து நடுவில் பஞ்சாக, இலையில் விழுந்தது. மாமா பிட்டு வாயருகே கொண்டு போனார். கை அங்கேயே நின்றது.

"இதுல கள்ளு ஊத்துனியா?"

"அப்பத்துக்குத்தானே..." என்று தொடங்கிய அக்காளுக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் சும்மா இருப்பேனா? "அடுப்புல வெந்து போனது கள்ளா மாமா? சாப்புடுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியுது புள்ள. என் நாக்குக்குத் தெரியலையே" என்றார் அவர்.

பிட்டதை இலையில் வைத்துவிட்டு எழுந்தார். பரிமாறிய இலையை விட்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

நான் வாசலுக்கு ஓடினேன். எங்கள் சந்தின் முனையில் வலது பக்கம் திரும்பினால் கள்ளுக்கடை, இடது பக்கம் ஆற்றோரமாக மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்துக்குப் போகிற பாதை. மாமா முனையில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து விறகு ஏற்றிய மாட்டுவண்டி குறுக்கே வந்தது. வண்டி நகர்ந்தபோது முனையில் ஆள் இல்லை. எந்தப் பக்கம் போனார் என்று தெரியாமல் நான் உள்ளே வந்தேன். அக்காள் மாவுச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, வாசலில் நிழல் தட்டியது. மாமா. சட்டை முழுக்க வியர்வை. கையில் ஒரு பெரிய சீப்பு பீசாங், நன்றாகப் பழுத்துத் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அவர் தன்னைத் தாண்டிப் போகும்போது அக்காள் மூச்சை இழுத்து முகர்ந்தாள். குடிகாரன் பெண்டாட்டிக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும். வாழைப்பழ வாசனை மட்டும்தான் வந்தது.

"கம்பத்துல வாங்கினேன். கள்ளு இல்லாம இத வச்சு ஏதாச்சும் சுடு. பொங்கலைன்னாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்காள் பெட்டியை விட்டு எழுந்தாள். நான் தேங்காய் துருவிப் பால் பிழிந்தேன். அவள் கோதுமை மாவில் பழத்தைப் பிசைந்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, பாலை ஊற்றிக் கரைத்தாள். முதல் அப்பம் கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. இரண்டாவது செருப்புத் தோல் மாதிரி வந்தது. பிறகு நெருப்பைக் குறைத்து, நெய் தடவி, வார்த்த மாவின்மேல் பழத்தை வில்லை வில்லையாக அரிந்து பதித்தாள். ஈரமாக இருந்த மேல்பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்து உடைந்தன. திருப்பிப் போட்டாள். வெல்லமும் பழமும் நெய்யும் சேர்ந்து காய்ந்த அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. மறுபடி திருப்பியபோது ஒவ்வொரு வில்லையும் பொன் நிறமாகி, ஓரம் கருகி, மாவுக்குள் அழுந்திக் கிடந்தது. வெறும் மாவும் ரெண்டு பழமும் இப்படி ஆகுமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

மாமா சாப்பிட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. ஒரு வாய் மெல்லுவார், கண்ணை மூடுவார், தண்ணீர் குடிப்பார், அடுத்த வாய். அந்த மனுஷன் சாப்பிடவில்லை, எதையோ பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இவரையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று பிரமித்துப் போனேன். எஞ்சினை ஓட்டுகிற நெருப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

வேலியருகே குரல் கேட்டது. கூட்டாளிகள்.

"அண்ணே, வரலையா லா? கடை தொறந்தாச்சு."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் மாமா.

"முடிச்சுட்டு வாங்க. நாங்க இங்கதான் நிக்கிறோம்."

போவார்கள் என்று பார்த்தால், வேலிக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

அக்காள் என்னைப் பார்த்தாள், பிறகு மாவுச்சட்டியைப் பார்த்தாள். அதிலிருந்து அவள் வார்த்த அப்பங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்தாள். சீக்கிரம் வெந்துவிடக் கூடாது. மாமாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது, அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவள் போதுமா என்று கேட்கவில்லை. மாவு அடியில் போனதும் கொஞ்சம் தேங்காய்ப்பாலை ஊற்றி அலசி அதையும் வார்த்தாள். கடைசியாக விரலால் சட்டியை வழித்து, மிச்சம் இருந்த ஒரே பழத்தை அரிந்து வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அப்பம். அதற்கு மேல் வீட்டில் மாவு இல்லை.

அந்த அப்பத்தைத் திருப்ப அவளுக்குக் கை வரவில்லை. திருப்பினால் வெந்துவிடும், வெந்தால் இலைக்குப் போய்விடும், இலை காலியானால் அவர் எழுந்துவிடுவார். தோசைத்திருப்பியைப் பிடித்தபடி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் கருகத் தொடங்கியது.

மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, வெறும் விரலால் அதைத் திருப்பினார். நெருப்போடு பழகிய விரல். வெந்ததும் எடுத்து இலையில் வைத்து, இலையை அக்காள் பக்கமாகத் திருப்பித் தள்ளினார்.

"மாவு தீந்தா எந்திரிச்சுடுவேன்னு பாக்குறியா? உக்காரு. சூடா இருக்கு, நீ சாப்புடு."

எத்தனையோ தடவை அப்பம் சுட்டவள், ஒரு அப்பத்தைக்கூடச் சூடாகத் தின்றது கிடையாது. எல்லோரும் எழுந்த பிறகு ஆறிப்போனதைத்தான் தின்பாள். அவள் இலை முன்னால் உட்கார்ந்து ஒரு துண்டு பிட்டாள். ஆவி வந்தது.

வெளியே பொறுமை போய்விட்டது. "அண்ணே, இன்னுமா முடியல?"

மாமா காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொண்டு குரல் கொடுத்தார்.

"என் வீட்டுக்காரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

அக்காள் அந்த உள்ளங்கை அகல அப்பத்தை மெதுவாக, மிகவும் மெதுவாகத் தின்றாள்.