டார்ச்சில் வைத்த பொங்கல்

1998 ஜனவரி 14, புதன்கிழமை. பொங்கல். தாராவியில் எங்கள் சந்துக்கு விடியற்காலையில்தான் குழாயில் தண்ணீர் வரும். அப்பா குடங்களை நிரப்பி உள்ளே வரிசையாக வைத்தார். ஒன்பது வயதுக்காரியான நான் வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன். தீபாவளி முடிந்ததும் தன் தகரப் பெட்டியோடு திருநெல்வேலிக்கு, பிறந்த வீட்டுக்குப் போன அம்மா பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

உள்ளேயே ஸ்டவ்வில் பொங்கல் வைத்துவிடலாம் என்றார் அவர். நான் ஒப்பவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் பானை ஏறியிருக்க, எங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தால் அம்மா வந்து பார்த்து என்ன நினைப்பாள்?

அப்பா தன் பட்டறையிலிருந்து, செம்புக் குழாய் பற்றவைக்கும் காஸ் டார்ச்சையும் சின்ன சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். விறகைவிட வேகம், செலவும் மிச்சம் என்றார். மிச்சம் பிடிப்பதில் அவர் கெட்டி. சோறு முக்கால் வேக்காடு வந்ததுமே ஸ்டவ்வை அணைத்து, பானையைச் சாக்கால் சுற்றி, மீதியை அந்தச் சூட்டிலேயே வேகவிடுவார். அன்றும் வாசலில் செங்கல் கூட்டிப் பானையை ஏற்றி, சுற்றித் தகரம் வைத்துக் காற்றை மறைத்தார். ஒரே இடத்தில் பட்டு அடிப்பிடிக்காதபடி தீயைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். டார்ச் சந்தே அதிரும்படி இரைந்தது.

“அண்ணாச்சி, பொங்கலா வைக்கிய, வெல்டிங்கா வைக்கிய?” என்று கத்தினாள் எதிர்வீட்டு அத்தை. பெண்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

எங்கள் பானைதான் முதலில் பொங்கியது. எங்கள் வீட்டில் குலவையிட என்னைத் தவிர ஆளில்லை. இட்டேன். இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

அத்தை கிட்டே வந்து, “மதினி எப்ப வாராவ? ஒரு தகவலும் இல்லையா?” என்று உரக்கக் கேட்டாள். அப்பா காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினார். அவள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி வந்தாள். அவளுக்கும் அதே தலையாட்டல்தான்.

பானையை இறக்கிய பின்னும் டார்ச் வெறும் செங்கல்லைச் சுட்டுக்கொண்டிருந்தது. “எப்பா, காஸ் வீணாப் போவுதுல்லா!” என்று அவர் தோளைத் தட்டினேன். என்னைத் திரும்பிப் பார்த்தார், அணைக்கவில்லை. மற்ற வீட்டுப் பானைகளெல்லாம் உள்ளே போய், கதவுகள் சாத்திய பிறகுதான் அணைத்தார்.

ஒரு கிண்ணம் பொங்கலை அம்மாவுக்கென்று எடுத்துத் தட்டால் மூடிவைத்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, பல்கூட விளக்காமல், நின்றபடியே அந்தக் கிண்ணத்துப் பொங்கலைத் தின்று தீர்த்ததுதான். கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். அம்மா வந்தால் என்ன கொடுப்பது என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“வீணாப் போயிரும்லா மக்கா” என்றார்.

அதை அப்படியே நம்பினேன்.